அரை நாள் நாற்காலி

துர்காதேவி உட்கார்ந்ததும் கால் தரையில் படவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவள் தன் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்துவிட்டுப் போன நாற்காலி, இன்றைக்கும் ஒரு சாண் நிமிர்ந்து நின்றது. ஒரு நாள் என்றால் மறதி. தினமும் என்றால் என்ன பெயர்? "இது என் இடம், நீ தொங்கிக்கொண்டுதான் இருக்கணும்" என்று சொல்லாமல் சொல்கிறாள் காலைக்காரி.

காலைக்காரியின் பெயர் நர்கிஸ். எட்டு மாதமாக இருவருக்கும் ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே கணினி. ஆனால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை. அது எப்படி என்று பல்கலைக்கழகத்தைத்தான் கேட்க வேண்டும். அருப்புக்கோட்டைக்கும் பாளையம்பட்டிக்கும் நடுவில் ஒரு பழைய நூல் குடோனை வாடகைக்குப் பிடித்து 'மானுடப் பண்பாட்டு ஆய்வு நிறுவனம்' என்று பலகை மாட்டினார்கள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து மனிதர்களின் பேச்சு, பாட்டு, பிழைப்பு எல்லாவற்றையும் ஆராய்ந்து எழுதுவதாகச் சொன்னார்கள். "மனுசனப் பத்தி ஆராய ஆபீஸு எதுக்கு, டீக்கடை பத்தாதா?" என்று ஊர் கேட்டது. ஊர் கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள்? அலுவலகத்துக்கு ஒரு முழு ஆள் கேட்டதற்கு இரண்டு அரை ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அந்தக் கணக்கு மேலே இருக்கிறவர்களுக்குத்தான் வெளிச்சம்.

காலை அரை நாள் நர்கிஸுக்கு. அவள் பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்தில் இருக்கும் தங்கலட்சுமியின் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டுப் போவாள். சாப்பாட்டு நேரம் முடிந்து பாலவனத்தம் பஸ்ஸில் வந்து இறங்கும் துர்காதேவி அதை வாங்கித் திறப்பாள். சாயங்காலம் பூட்டிவிட்டுச் சாவியை அவள் கொடுத்துவிட்டுப் போவாள். நர்கிஸ் அவளுக்கு ஒரு கைப்பேசி எண், அவ்வளவுதான். அதிலும் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. முகத்தைக் காட்டுகிறவளை நம்பலாம், ரோஜாப்பூவை எப்படி நம்புவது?

சந்தேகத்துக்கு ஒரு குணம் உண்டு. அதற்குத் தீனி போட வேண்டியதே இல்லை, தானாக மேய்ந்துகொள்ளும். நர்கிஸ் ஒரு வேலையை முடிக்காமல் வைத்துவிட்டுப் போனால், "பாரு, எல்லாத்தையும் என் தலையில கட்டுறா" என்று துர்காதேவிக்குப் பற்றிக்கொண்டு வரும். முடித்து வைத்துவிட்டுப் போனாலோ, "என்னைய வேலை இல்லாதவளாக் காட்டப் பாக்குறா" என்று அதற்கும் எரிச்சல் வரும். மேசை இழுப்பறைகளில் ஒன்று பூட்டியே கிடந்தது. அதற்குள் என்ன இருக்கிறது? கணினிக்குக் கடவுச்சொல் மாறியபோது அது குறுஞ்செய்தியாக வந்தது, ஆனால் மதியம்தான் வந்தது. ஏன் காலையிலேயே வரவில்லை?

போதாக்குறைக்குத் தங்கலட்சுமி. சாவியோடு ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுப்பாள்.

"காலையில அவுக கேட்டாக, மத்தியானம் வாரவுக எத்தனை மணிக்குத்தான் வாராகன்னு."

"எதுக்குக் கேட்டாகளாம்?"

"நான் என்னத்தக் கண்டேன்? கேட்டாக, சொன்னேன்."

இதே தங்கலட்சுமி காலையில் அங்கேயும் இப்படி ஒரு சொல் கொடுத்திருப்பாள் என்று துர்காதேவிக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

அவளுக்கு இருந்த பயமும் சும்மா வந்த பயம் இல்லை. பங்குனியில் ஒரு பேச்சு வந்தது. இரண்டு அரை ஆளைச் சேர்த்து ஒரே முழு ஆளாக்கப் போகிறார்கள், ஒருத்திதான் இருப்பாள், இன்னொருத்தி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இயக்குநர் வெள்ளத்துரையே அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "இன்னும் முடிவாகலம்மா. யாருன்னு நான்தான் எழுதணும். வேலையைப் பாருங்க, பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' என்கிற சொல் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

துர்காதேவியின் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்ததில்லை. அம்மா சங்கரம்மாள் அடுத்தவர் காட்டில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவள். துர்காதேவி எம்.ஏ. வரை படித்துவிட்டும் விடியக் கருக்கலில் மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறித்துவிட்டு, குளித்து, சேலை மாற்றி, பஸ் ஏறி வந்துதான் இந்த அரை நாளைப் பார்க்கிறாள். புருஷன் அழகுராஜா லோடு வண்டி ஓட்டுகிறான். "முழு நாளு ஆயிருச்சுன்னா மொட்டுப் பறிக்கப் போக வேணாம், என்ன?" என்று அவன் ஆசையாகக் கேட்டபோது, "அவ விட்டாத்தான" என்றாள். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். முழுசாக வேண்டும். அதில் மறைக்க அவளுக்கு ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து வந்தது கருத்தரங்கம். 'வறண்ட நிலமும் வாழ்வியலும்' என்று தலைப்பு. வெளியூர்ப் பேராசிரியர்கள் வருகிறார்கள், பொன்னாடை, நினைவுப் பரிசு, மத்தியானச் சாப்பாடு என்று தடபுடல். அழைப்பிதழைத் தட்டச்சு செய்கிற வேலை துர்காதேவிக்கு விழுந்தது. இந்தப் பக்கம் அழைப்பிதழ் என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கல்யாணத்துக்குத் தாலியைக்கூட மறந்துவிட்டுப் போகலாம், பாதி வழியில் திரும்பி எடுத்துக்கொண்டு வரலாம். பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனால் முடிந்தது கதை. காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இல்லாமல் போய், இரண்டு தலைமுறை பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்கள் உண்டு.

அது தெரிந்ததால் அவள் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துத்தான் போட்டாள். கடைசியில் 'இட உதவி: ஜனாப் ஜமால் மைதீன்' என்று தனியே, தடித்த எழுத்தில் போட்டாள். ஜமால் மைதீன் கடைவீதியில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர். நூல் குடோன் அவருடையது. "படிக்கிற காரியம், வச்சுக்கங்க. ஆனா விசேஷம்னு வந்தா நம்ம பேரு இருக்கணும்" என்று அவர் கேட்டது அது ஒன்றைத்தான். துர்காதேவி அழைப்பிதழைக் கணினியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை நர்கிஸ் அதை அச்சகத்துக்கு அனுப்பினாள். கடைவீதியில் மண்டியை ஒட்டியே இருக்கிறது ஆண்டிச்சாமியின் அச்சகம். இரண்டு நாளில் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை, உறையில் போட்டு ஒட்டி அனுப்பினார்கள்.

ஜமால் மைதீன் நேரில் வந்தார். மத்தியானம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து இயக்குநரின் மேசையில் விரித்து வைத்தார்.

"சாரு, இதுல என் பேரு எங்க இருக்கு? எனக்குக் கண்ணு மங்கலு. நீங்களே காட்டிருங்க."

இயக்குநர் பார்த்தார். கதவோரம் நின்ற துர்காதேவியும் எட்டிப் பார்த்தாள். வாழ்த்துரை இருந்தது, நன்றியுரை இருந்தது, தேநீர் இடைவேளைகூட இருந்தது. ஜமால் மைதீன் இல்லை.

"எப்படியோ விட்டுப்போச்சு பாய்..."

"விட்டுப்போச்சா, விடப்பட்டுச்சா?" அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. "கட்டடம் என்னுது. அதுல நடக்குற கூட்டத்துல என் பேரு மட்டும் கூடாது. யாரோ ஒருத்தருக்கு அந்தப் பேரு உறுத்திருக்கு. யாருன்னு தெரியணும் எனக்கு. தெரிஞ்ச பெறகு மத்தத பேசுவோம்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அவர் வண்டி கிளம்பும் வரை இயக்குநர் மூச்சு விடவில்லை. பிறகு துர்காதேவியைப் பார்த்தார்.

"நீங்கதானம்மா டைப் பண்ணீங்க?"

"ஆமா சார். ஆனா அவுக பேரைப் போட்டுத்தான் வச்சேன். சாமி சத்தியமாப் போட்டேன்."

"அப்புறம் எப்படிப் போச்சு?"

இங்கேதான் அவள் ஒரு மூச்சு நிதானித்திருக்கலாம். ஆனால் எட்டு மாதத்து நாற்காலி, பூட்டிய இழுப்பறை, தங்கலட்சுமியின் சொற்கள் எல்லாம் சேர்ந்து அவள் தொண்டைக்கு வந்துவிட்டன. தனக்குப் பழி வர வேண்டும் என்றே அந்த ரோஜாப்பூ செய்த வேலை இது என்பதில் அவளுக்குத் துளியும் ஐயம் இல்லை. முழு நாள் வேலைக்கு இதைவிட நல்ல குறுக்கு வழி உண்டா?

"காலையில இருக்கவுக கைக்குத்தான் சார் அது போச்சு. அவுகதான் எடுத்திருக்காக."

"நர்கிஸா? நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயம் சார்."

இயக்குநர் முகத்தில் சட்டென்று ஒரு தெளிவு வந்தது. மழை வரப்போகிறது என்று துணியை அள்ள ஓடியவருக்கு மேகம் கலைந்த மாதிரி. "சரிம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார். உண்மையைச் சொன்னதால் வந்த தெளிவு என்று துர்காதேவி நினைத்துக்கொண்டாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அவள் கண்ணுக்கு நர்கிஸ் ஒருத்தியைத் தவிர மற்ற எல்லாமே சுத்தமாகத் தெரிந்தது.

அந்த வாரமே நர்கிஸை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கருத்தரங்க மேடையில் ஜமால் மைதீனுக்குப் பெரிய பொன்னாடையாகப் போர்த்தினார்கள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் குடோனைக் காலி பண்ணச் சொல்லவும் இல்லை. முழு நாள் வேலை துர்காதேவிக்கே ஆனது. காலையிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அவள் வைத்த உயரத்திலேயே இருந்தது. சாயங்காலமும் இருந்தது. மறுநாளும் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கு, பொய் சொல்வானேன்.

பூட்டிய இழுப்பறையின் சாவியை இயக்குநர் கொடுத்தார். ஏதாவது சிக்கும் என்று அவசரமாகத் திறந்தாள். உள்ளே ஒரு தலைவலித் தைலமும், தொழுகைக்குப் போட்டுக்கொள்கிற ஒரு வெள்ளைத் துப்பட்டியும் மடித்து இருந்தன. ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாத இழுப்பறையை ஏன் பூட்ட வேண்டும் என்று அப்போதும் ஒரு கேள்வி எழுந்தது. சந்தேகம் அத்தனை சீக்கிரம் பட்டினி கிடக்குமா?

கருத்தரங்கில் கட்டுரை படித்தவர்களுக்குச் சான்றிதழ் அடிக்க வேண்டியிருந்தது. அதற்காக அவள் முதன்முறையாகக் கடைவீதிக்கு ஆண்டிச்சாமியின் அச்சகத்துக்குப் போனாள். அச்சகத்துக்கும் வத்தல் மண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் புகுந்து போகிற அகலத்துக்குச் சந்து. மண்டியில் மூட்டை பிரிக்கிற சமயம் அந்தச் சந்தில் நிற்க முடியாது, தும்மித் தும்மிக் கண் பிதுங்கிவிடும். ஆண்டிச்சாமி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்தத் தடவை ஒழுங்கா அடிச்சுக் குடுங்க. அழைப்பிதழ்ல ஒரு பேரு விட்டுப்போயி நாங்க பட்ட பாடு போதும்" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள்.

ஆண்டிச்சாமி துண்டை இறக்கினார். "விட்டுப்போச்சா? யாரும்மா சொன்னது விட்டுப்போச்சுன்னு? நான்ல எடுத்தேன்!"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "நீங்களா?"

"பின்ன? பத்து வருசமா என் மிஷினுக்குள்ள வத்தத் தூசி. ரோலரு ரெண்டு போச்சு. லாரிய நிப்பாட்டிச் சந்தை அடைக்கிறான். கேட்டா, 'கடைவீதி உங்க அப்பன் வீட்டுதா'ங்குறான். அந்த ஆளு பேரை என் மிஷினுல நான் அடிக்கணுமா? செத்தாலும் அடிக்க மாட்டேன்." அவர் முகத்தில் பெருமை வழிந்தது. "வந்து சண்டை போடுவான்னு கடையத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வரவே இல்ல. ரோசம் கெட்ட ஆளு."

"எங்க சாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே அண்ணாச்சி..." என்றாள்.

"சொல்லாம இருப்பேனா? உங்க சாரு இங்கதான, இந்தப் பெஞ்சுலதான் உக்காந்து புரூஃப் பாத்தாரு. டீ வாங்கிக் குடுத்தேன். பேரைப் போட மாட்டேன், வேணும்னா வேற பிரஸ்ஸப் பாருங்கன்னேன். நாளு நெருங்கிருச்சு, இனி எங்க அலையன்னு, 'சரி விடுங்க, யாரு பாக்கப் போறா'ன்னுட்டுப் போனாரு. உங்க ஆபீஸுல இன்னொரு பொம்பளையும் வந்து கேட்டுட்டுப் போச்சே, இதையேதான் சொன்னேன்."

சான்றிதழுக்கான தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். தும்மல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, எது வத்தலால், எது வேறு எதனால் என்று தெரியவில்லை. 'நிச்சயம் சார்' என்று தான் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. கேவலமாக இருந்தது அவளுக்கு.

தங்கலட்சுமியிடம் விலாசம் கேட்டுக்கொண்டு நர்கிஸின் வீட்டுக்குப் போனாள். பள்ளிவாசலுக்குப் பின் தெருவில், பச்சை வண்ணம் அடித்த சின்ன வீடு. கதவைத் திறந்தவள் நெடுநெடுவென்று உயரம். நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்துகொண்டுதான் நின்றாள். அவ்வளவு உயரமான ஒருத்தி தாழ்ந்த நாற்காலியில் எப்படி உட்காருவாள்? துர்காதேவிக்கு அந்த இடத்திலேயே பாதி உயிர் போய்விட்டது.

"நான் துர்காதேவி."

நர்கிஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சார் அனுப்புனாரா?"

"இல்லக்கா."

"வேற யாரு?"

"யாரும் இல்ல. நானாத்தான் வந்தேன். அச்சகத்துக்குப் போயிட்டு வாரேன்."

அதைக் கேட்டதும் நர்கிஸ் கதவை விட்டு விலகி வழிவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாலும் பார்வையில் இறுக்கம் தளரவில்லை.

"உங்க பேரைத்தான் நானும் மொதல்ல சொன்னேன்" என்றாள் எடுத்த எடுப்பில். "நீங்க என் பேரைச் சொன்னீங்கன்னு சார் சொன்னாரு. நானும் சளைக்கல. மத்தியானக்காரவுகதான் எடுத்திருப்பாகன்னு சொன்னேன். எட்டு மாசமா எனக்கும் உங்க மேல கடுப்பு. கீபோர்டு பூராம் மல்லியப்பூ வாசம். ஆபீஸுக்கு வர்றவ இவ்வளவு பூ வச்சுக்கிட்டு மினுக்கிக்கிட்டு வருவாளான்னு."

"பூ வைக்கிறதில்லக்கா. பறிக்கப் போறேன். கையில ஏறுன வாசம் போக மாட்டேங்குது."

நர்கிஸ் அவள் விரல்களைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். "மனசு கேக்காம மறுநாளு அச்சகத்துக்குப் போனேன். அவரு நடந்தத அப்படியே சொன்னாரு. நேரா வந்து சாரக் கேட்டேன், நீங்கதான சார் பாத்துட்டு விட்டீங்கன்னு. 'யாருகிட்டயும் பேச வேணாம்மா, நான் பாத்துக்கறேன்'னாரு. அன்னைக்கு ராத்திரியே போனு, இனி வர வேணாம்னு."

"ரெண்டு பேருல உங்கள ஏன்க்கா..."

"இது தெரியலையா? பாய் பேரை ஒரு துர்காதேவி எடுத்துட்டான்னா ஊருக்குள்ள அது வேற மாதிரி பேச்சாயிரும். நர்கிஸ் எடுத்துட்டான்னா எங்க வீட்டுச் சண்டை. பாயும் வாய மூடிக்கிருவாரு. சாரு படிச்சவருல்ல, கணக்கு நல்லா வரும்."

துர்காதேவிக்கு உடம்பு குறுகியது. தன்னை நம்பித்தான் அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்!

"எங்க வீட்டுக்காரரு அனீஸு அரபு நாட்டுல, தம்மாம்ல ஜமால் மைதீன் மாமாவோட தம்பி கடையிலதான் வேலை பாக்குறாரு" என்றாள் நர்கிஸ். "மாமா ஒண்ணும் செய்யல. ஆனா போன வாரம் நிக்காவுல அவுக வீட்டு ரஹ்மத் மாமி என்னையப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. 'சோறு போடுறவுக பேரையே எடுத்தவ'ன்னு பந்தியிலேயே பேச்சு. அச்சகக்காரரு செஞ்சதுன்னு நான் சொன்னேன். யாரு நம்புறா? 'அவன் எங்க எதிரின்னு தெரிஞ்சுதான அவன் தலையில கட்டுற'ன்னுட்டாக. ஜமாத்துக்குள்ள நான் எப்படி நடமாட?"

"நான் போயிச் சொல்றேன்க்கா."

நர்கிஸ் சிரித்தாள். நம்பாத சிரிப்பு. "சொல்லிட்டு நாளைக்கு எங்க போயி உக்காருவீங்க?"

துர்காதேவி எழுந்து வெளியே வந்தாள். பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். பாலவனத்தம் பஸ் வந்து நின்றது. ஏறினால் வீடு. யாருக்கும் ஒன்றும் தெரியாது, நாளைக் காலையில் நாற்காலி அவள் உயரத்திலேயே காத்திருக்கும். கண்டக்டர், "ஏறுறியா இல்லையாம்மா?" என்றார். அவள் தலையை ஆட்டியது அவருக்கும் விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கவில்லை. பஸ் போய்விட்டது. திரும்பிக் கடைவீதிக்கு நடந்தாள். வழியெல்லாம் பயமாகத்தான் இருந்தது.

மண்டியில் ஜமால் மைதீன் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேரை எடுத்தது அச்சகக்காரர், நர்கிஸ் இல்லை என்று மட்டும் துர்காதேவி சொன்னாள், இயக்குநரை இழுக்கவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"உன்னைய யாரு அனுப்புனது?"

"யாரும் அனுப்பல பாய்."

"நர்கிஸ் வீட்டுக்குப் போனியா?"

"போனேன்."

"ம்." அவர் தலையை மெல்ல ஆட்டினார். "அங்க போயிட்டு நேரா இங்க வார. அந்தப் பிள்ளை சொன்னதையே நீயும் சொல்ற. ஒண்ணு போல ஒப்பிக்கிறீக. நல்லாத்தான் சொல்லிக் குடுத்துருக்கா."

அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். ஒரு சாண் உயர்ந்த நாற்காலியை எட்டு மாதமாக அவள் பார்த்த பார்வை அதுதான். அதற்கு முன்னால் எதைச் சொன்னாலும் எடுபடாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதோடு கோபமும் வந்தது. விறுவிறுவென்று வெளியே வந்து சந்தின் வாயில் நின்றாள்.

"அண்ணாச்சி! ஆண்டிச்சாமி அண்ணாச்சி!"

கடைவீதி திரும்பிப் பார்த்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையோடு நின்றார்கள். ஜமால் மைதீன் வாசலுக்கு வந்துவிட்டார். சந்தின் அந்தப் பக்கம் ஆண்டிச்சாமி தலையை நீட்டினார்.

"என்னம்மா?"

"ஆய்வு நிறுவனத்து அழைப்பிதழ்ல பாய் பேரை யாரு எடுத்தது?"

இத்தனை நாளாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவர் போல ஆண்டிச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தின் நடுவுக்கு வந்தார்.

"நான்தான்! நானேதான் எடுத்தேன்! இப்ப என்னங்கிற?"

"ஏலே, நீயா?" ஜமால் மைதீனுக்கு முகம் சிவந்தது. ஆனால் அந்தச் சிவப்பில் கோபத்தோடு ஒரு நிம்மதியும் இருந்ததைத் துர்காதேவி பார்த்தாள். எதிரி செய்தது எதிரி செய்ததாகவே இருந்துவிட்டால் மனிதனுக்கு எவ்வளவு ஆறுதல்! "நீயாத்தான்லே இருக்கும்னு நான் மொதல்லயே நெனச்சேன்."

"நெனச்சுக்கிட்டே இரு. மொதல்ல லாரியத் தள்ளி நிப்பாட்டு."

இன்னும் நாலு வார்த்தை வளர்ந்தது. சுற்றி நின்றவர்கள் விலக்கிவிட்டார்கள். வத்தல் தும்மலில் இரண்டு பேராலும் ரொம்ப நேரம் சண்டை போடவும் முடியவில்லை. மூச்சு வாங்க வாசலுக்குத் திரும்பிய ஜமால் மைதீன் துர்காதேவியைப் பார்த்தார். இப்போது பார்வை வேறாக இருந்தது.

"அச்சுக்குப் போறதுக்கு முன்ன உங்க சாரு பாத்துருப்பாருல்ல? பாக்கலையா?"

ஆண்டிச்சாமி சந்துக்குள் காலை இழுத்துக்கொண்டார். சான்றிதழ் அடிக்கிற வேலை இன்னும் அவர் மேசையில் கிடக்கிறது. "அத அந்தப் பிள்ளையவே கேளுங்கப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எதிரியைத் திட்ட அவருக்குத் துணிச்சல் உண்டு, வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுக்க இல்லை.

கடைவீதியே அவள் வாயைப் பார்த்தது. தெரியாது என்று சொன்னால் போதும். நர்கிஸுக்கு நல்ல பெயர் கிடைத்தாகிவிட்டது, நாற்காலியும் மிஞ்சும். வளைந்த முதுகோடு அம்மா, லோடு வண்டியில் அழகுராஜா, விடியக் கருக்கலில் பனியில் நனைந்த மல்லிகைச் செடி எல்லாம் ஒரு சேரக் கண்ணுக்குள் வந்து நின்றன.

"பாத்தாக பாய்" என்றாள். "பாத்துட்டுத்தான் சரின்னாக."

ஜமால் மைதீன் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். இயக்குநரின் எண்ணைத் தேடிக்கொண்டே கேட்டார். "தெரிஞ்சுக்கிட்டே ஒரு பொம்பளப்பிள்ளை மேல பழியப் போட்டுருக்காரு. ஏம்மா, நர்கிஸு பேரை மொதல்ல எடுத்ததும் அவருதானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இயக்குநர் மேல் ஒரு பழியோடு இன்னொரு பழியாக அதுவும் போயிருக்கும், யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. நர்கிஸ்கூட மறுத்திருக்க மாட்டாள்.

"இல்ல பாய்" என்றாள் துர்காதேவி. "நான்தான்."

அவர் கைப்பேசியைக் காதில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.